செக்யூரிட்டைசேஷன்: 'பாதுகாப்பாக்கம்' சரிவருமா?

வணக்கம்.

குடிவரவு பற்றிய கட்டுரையில் 'செக்யூரிட்டைசேஷன்' (securitization) என்ற அரசறிவியல் சொல்லுக்குப் 'பாதுகாப்பாக்கம்' என்று போட்டிருப்பது இடிக்கிறது. 'குடிவரவைப் பாதுகாப்பாக்கினார்கள்' என்றால், வருகிறவர்களுக்குப் பத்திரமான வழி செய்து கொடுத்தார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பொருளோ நேர் எதிர்: வருகிறவர்களையே ஆபத்தாகக் காட்டுவது. 'பிணையமாக்கம்' அதைவிட மோசம். கடன்களைத் திரட்டிப் பத்திரங்களாக்கி விற்கும் நிதித்துறை வேலைக்கு உரியது அது. வாராக்கடன் மீட்புக்கான இந்தியாவின் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி (SARFAESI) சட்டப் பெயரில் முதலில் நிற்பதும் அந்தப் பொருள்தான்.

அரசறிவியலில் இச்சொல்லைப் புழங்கவிட்டவர் கோபன்ஹேகனின் ஆய்வாளர் ஓலே வேவர், 1990களில். ஒரு விஷயம் தானாகப் பாதுகாப்புப் பிரச்சினை ஆவதில்லை. அதிகாரம் உள்ளவர் 'இது நம் இருப்புக்கே ஆபத்து' என்று அறிவிக்க வேண்டும், கேட்பவர்கள் ஏற்க வேண்டும். ஏற்றுவிட்டால் வழக்கமான விதிகளை ஒதுக்கிவைக்கலாம். ஒரே சொல் இத்தனையையும் சுமக்காது. அறிவிப்பையாவது சுமக்கட்டும் என்று 'அச்சுறுத்தலாக்கம்' என்பதை முன்வைக்கிறேன்.

சன் சீ என்ற கப்பலின் கதையை வைத்து இதைச் சோதிக்கலாம். 2010 ஆகஸ்டில் 492 ஈழத்தமிழரோடு கனடாவின் மேற்குக் கரைக்கு வந்தது. கப்பலில் ஆட்கடத்தல்காரரும் பயங்கரவாதிகளும் இருக்கலாம் என்றார் பொதுப்பாதுகாப்பு அமைச்சர். இப்படி வருபவர்களைக் குறித்து அக்டோபரில் வந்த மசோதா நிறைவேறவில்லை. அதே ஏற்பாடு 2012இல் வேறொரு மசோதாவின் வழியாகச் சட்டமாயிற்று. அதன்படி, அமைச்சர் ஒரு குழுவின் வருகையை 'ஒழுங்கற்ற வருகை' எனக் குறித்துவிட்டால் அதிலுள்ள 16 வயது நிரம்பியவர்களைக் காவலில் வைத்தே ஆகவேண்டும். காவலில் இருக்கும் மற்ற வெளிநாட்டவருக்கு மறுபரிசீலனை 48 மணி நேரத்தில், பிறகு 7 நாளில், பிறகு 30 நாளுக்கு ஒருமுறை. இவர்களுக்கோ 14 நாளில் ஒன்று, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான்.

> 'அச்சுறுத்தலாக்கம்' என்பதை முன்வைக்கிறேன்

மேடைப் பேச்சுக்குப் பொருந்துகிறது, ஐயா. யாரும் பேசாமலே கோப்புகளுக்குள் நடப்பதை என்ன சொல்வது? பிரெஞ்சு ஆய்வாளர் டிடியே பிகோவின் வழிவந்தவர்கள் பார்ப்பது அதைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கைரேகைக் கிடங்கான யூரோடாக் 2003இல் தொடங்கியபோது 14 வயது நிரம்பியவர்களின் கைரேகையை எடுத்தது, புகலிட மனுவை எந்த நாடு விசாரிப்பது என்று அறியத்தான். 2015 ஜூலை முதல் காவல்துறையும், ஒன்றியத்தின் காவல் முகமையான யூரோப்போலும் அதே கிடங்கில் தேடலாம். அமெரிக்காவில் குடிவரவு நிர்வாகம் முன்பு தொழிலாளர் துறையிடம் இருந்தது. 1940இல் நீதித்துறைக்குப் போனது, 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு. இலங்கை இதழ்களில் 'இராணுவமயமாக்கல்' பழகிய சொல். அந்த அச்சிலேயே 'பாதுகாப்புமயமாக்கல்' எனலாமே?

> 'பாதுகாப்புமயமாக்கல்' எனலாமே?

'எங்கும் பாதுகாப்புமயம்' என்றால் நகைக்கடை விளம்பரம் போல இருக்கிறது! முதற்பகுதியை மாற்றி 'காவல்மயமாக்கம்' என்று வைப்போம். போலீசும் வரும், தடுப்புக்காவலும் வரும், எல்லைக் காவலும் வரும். யூரோடாக்குக்கு அதுவே சரி. பேச்சால் நடப்பது அச்சுறுத்தலாக்கம், நிர்வாகத்தால் நடப்பது காவல்மயமாக்கம் என்று இரண்டையும் அகராதியில் தனித்தனியாக ஏற்றலாம்.

செக்யூரிட்டைசேஷனின் எதிர்ச்சொல்லுக்கு (desecuritization) 'அச்சுறுத்தல் நீக்கம்' வேண்டாம். உண்மையிலேயே ஆபத்து இருந்து அகன்றதாகிவிடும். விஷயம் பழையபடி சாதாரண அரசியலுக்குத் திரும்புவதைத்தான் வேவர் சொல்கிறார். 'வழமையாக்கம்' போதும். கனடாவின் அந்த ஆறு மாத மறுபரிசீலனை மறுபடி 30 நாளுக்கு ஒருமுறை என்றானால், அது வழமையாக்கம்.