ஹசுயி அச்சுப்படம்: பழசோ, பிந்தினதோ?

கேள்வி (கிளிநொச்சி): யப்பான் மரக்கட்டை அச்சு ஓவியர் கவாசே ஹசுயியின்ர கோயில் படமொண்டு வாங்கப் பாக்கிறன், 1925ஆம் ஆண்டுக் காட்சி. ஓரத்தில சின்ன வட்டமா வத்தனாபே பதிப்பக முத்திரை. எந்தக் காலத்து அச்சு? மாரி ஈரத்தில எப்பிடி வைக்கிறது?

பதில்: முத்திரையை அளந்து பாருங்கோ. 6 மில்லிமீற்றர் எண்டால் 1946–57 காலத்து மறு அச்சு. ஹசுயி இருக்கேக்க அடிச்சதுதான். ஆனா முதலச்சு விலை குடுக்காதேங்கோ.

பதில்: பின்பக்கத்தையும் காட்டச்சொல்லி விக்கிறவரைக் கேளுங்கோ. மரக்கட்டை அச்செண்டால் நிறம் கடதாசிக்குள்ள ஊறிப் பின்னாலயும் தெரியும், பாரென் (கடதாசியைக் கட்டையில அழுத்தித் தேய்க்கிற வட்டத் தட்டு) தேய்ச்ச தடமும் இருக்கும். லென்சில ஒழுங்கான புள்ளிக் கூட்டம் தெரிஞ்சால் ஓப்செற், அதாவது மெசின் அச்சு. விட்டிடுங்கோ.

பதில்: செலோடேப் கிட்டவும் வேண்டாம், பசை மஞ்சளாகி உள்ளுக்க இறங்கும். அமிலமில்லாத மட்டையில, மேல்விளிம்பில மட்டும், வாஷி (யப்பான் கைக்கடதாசி) துண்டு ரெண்டை கோதுமை மாப்பசையால ஒட்டுங்கோ. கண்ணாடி படத்தில முட்டக்கூடாது. வெளிச்சுவரில மாட்டாதேங்கோ, மாரியில சுவர் ஈரம் இழுக்கும், பழுப்புப் புள்ளி விழும்.