வயித்துக்குள்ள புரோத்தன் பம்பியா? மகள் கேட்ட கேள்வி, ஆராவது விளங்கப்படுத்துங்க

மருந்துக்கடைக்காரன் (களுவாஞ்சிகுடிப் பக்கம்):

வணக்கம். நான் ஒரு பாமசியில 19 வருசமா கவுண்டரில நிக்கிறன். படிச்சது கலைப்பிரிவு. மருந்துப் பேர் எல்லாம் மனப்பாடம், உள்ளுக்க என்ன நடக்குது எண்டு கேட்டால் முழிப்பன்.

மகள் தரம் 11. போன ஞாயிறு எனக்குச் சோத்துப்பார்சல் கொண்டு வந்தவள், நான் சாப்பிட்டு முடியும் வரைக்கும் சும்மா இருக்க ஏலாமல், வயித்து அமிலத்தைக் குறைக்கக் குடுக்கிற ஒமெப்ரசோல் பெட்டிக்குள்ள கிடந்த துண்டை எடுத்து வாசிச்சாள். அதில இங்கிலீசில 'புரோட்டோன் பம்ப்பைத் தடுக்கிற மருந்து' எண்டு கிடக்கு. "அப்பா, புரோத்தன் அணுக்கருவுக்குள்ள இருக்கிற சாமான் தானே? அதை வயித்துக்குள்ள என்னெண்டு பம்பி வச்சு இறைக்கிற? அப்ப வயிறு அணு உலையா?" எண்டு கேட்டாள். "சோறு ஆறுது, போ மகள்" எண்டு அனுப்பிப்போட்டன்.

மறுகா எனக்கே அது குடையத் தொடங்கிற்று. ரெண்டு நாள் கழிச்சு ஒரு அம்மா முழங்கால் எம்.ஆர்.ஐ ரிப்போட்டோட மருந்தெடுக்க வந்தவ. அந்த ரிப்போட்டிலயும் 'புரோட்டோன் டென்சிற்றி' (புரோத்தன் அடர்த்தி) எண்டு ஒரு சொல். பௌதிகத்தில ஒண்டு, வயித்துக்குள்ள ஒண்டு, முழங்காலுக்க ஒண்டு. இதெல்லாம் ஒரே சாமானா, இல்லாட்டி பேர் மட்டும் ஒண்டா?

பழைய வாத்தியார் (கல்லடி):

தம்பி, பிள்ளை சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள். நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என்னுடைய வகுப்பில் இதைக் கேட்ட பிள்ளைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

ஒரே சாமான்தான். ஐதரசன் அணுவை எடுங்கள். கருவில் ஒரு புரோத்தன், வெளியில் ஒரு இலத்திரன், வேறொன்றும் இல்லை. சோடியத்திடம் ஒரு இலத்திரனைப் பறித்தால் இன்னும் 10 இலத்திரன் கருவைப் போர்த்திக்கொண்டு நிற்கும். ஐதரசனிடம் இருக்கிற ஒன்றையும் பறித்தால் மிஞ்சுவது வெறும் கரு, அதாவது புரோத்தன். அமிலத்தைப் புளிக்க வைக்கிற ஐதரசன் அயனும் அதுதான். ரதர்போர்ட் நைதரசனை அல்பாத் துணிக்கையால் அடித்து, வெளியே பாய்ந்தது ஐதரசன் கருதான் என்று கண்டு 1919 இல் எழுதினார். அடுத்த வருடம் புரோத்தன் என்று பேர் வைத்ததும் அந்த ஐதரசன் கருவுக்குத்தான். ஆகவே இரசாயனக்காரர் பௌதிகத்தின் சொல்லைத் திருடவில்லை!

அணு உலையா என்றால், இல்லை. ஐதரசனில் இருந்து அந்த இலத்திரனைக் கழற்ற 13.6 இலத்திரன்வோல்ற்று போதும். காபன் கருவுக்குள் இருந்து ஒரு புரோத்தனைப் பிடுங்கக் கிட்டத்தட்ட 1 கோடியே 60 லட்சம் வேண்டும். அமிலமும் வயிறும் தயிரும் முதலாவது கணக்கோடு சேர்ந்தவை.

தயிர் என்றது சும்மா இல்லை. உங்கள் பக்கத்து எருமைத் தயிரையே பிள்ளைக்குக் காட்டுங்கள். பாலில் கேசீன் என்ற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளுக்கு மறை ஏற்றம், அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும், ஒட்டாது. உறை ஊற்றி வைத்தால் பற்றீரியா இலற்றிக்கமிலம் செய்யும், அந்த அமிலம் புரோத்தனைக் கழற்றிவிடும். புரோத்தன் நேர் ஏற்றம். உருண்டைகளின் மறை ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து, பீ.எச் (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6 ஐ நெருங்கும்போது தள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எல்லாம் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பால் தொடங்குவது 6.7 அளவில். இரண்டே படிதானே என்று நினைக்காதீர்கள், அந்தக் கணக்கில் ஒரு படி பத்து மடங்கு. புரோத்தன் நூறு மடங்குக்கு மேல் கூடிய பிறகுதான் சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது.

ஒரு திருத்தம் நானே சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் புரோத்தன் தனியாகத் திரியாது. கண்ட நீர் மூலக்கூறோடு ஒட்டிக்கொள்ளும்.

வந்தாறுமூலைப் பிள்ளை:

அண்ணன், பம்பியைப் பற்றி நான் சொல்லுறன். இரைப்பைச் சுவரில சில கலங்கள் இருக்கு. அதுகளின்ர மென்சவ்வில இருக்கிற ஒரு புரதம்தான் பம்பி. ஒரு பொற்றாசியம் அயனை உள்ளுக்கு எடுத்து, ஒரு ஐதரசன் அயனை வெளியில தள்ளும். குருதியின்ர பீ.எச் 7.4, இரைப்பைச் சாறு 1.5 வரைக்கும் இறங்கும். கிட்டத்தட்டப் பத்து லட்சம் மடங்கு வித்தியாசத்துக்கு எதிரா இறைக்குது எண்டால் யோசிச்சுப் பாருங்க!

இன்னொண்டு, உங்களுக்குப் பிரயோசனப்படும். ஒமெப்ரசோல் கெப்சூலுக்குள்ள இருக்கிற சின்ன மணிகளுக்கு ஏன் மேற்பூச்சு? மருந்து வயித்து அமிலத்தில பட்டால் அங்கயே பழுதாகிப் போகும். அதால குடலுக்குப் போய்க் கரைஞ்சு, ரத்தத்துக்க ஏறி, சுத்திக்கொண்டு வந்து அந்தக் கலத்துக்குப் போகுது. அங்க பம்பி இறைக்கிற வாசலில புரோத்தன் குவிஞ்சு கிடக்கும். அந்தப் புரோத்தனை வாங்கினாப் பிறகுதான் மருந்து வேற உருவத்துக்கு மாறி, பம்பியில போய்ப் பூட்டுப் போடும். தான் இறைச்ச புரோத்தனாலயே பம்பிக்கு ஆப்பு. ஓடாமக் கிடக்கிற பம்பியில வேலை செய்யாது.

எங்கட அனேகமான கலங்களில, சக்தி செய்யிற இழைமணி எண்ட பகுதியில, இதுக்கு மறுபக்கமான வேலை நடக்குது. அங்க ஒரு பக்கம் குவிஞ்ச புரோத்தன் திரும்பி வடியேக்க ஒரு சின்னச் சக்கரம் சுத்தும், அந்தச் சுத்திலதான் உடம்புக்குச் சக்தி. பீற்றர் மிற்செல் 1961 இல இதைச் சொல்லேக்க கனபேர் நம்பயில்ல. 1978 இல நோபல் பரிசு குடுத்தாங்க.

வாவிக்கரை:

நான் ஸ்கான் பகுதியில வேலை. முழங்காலுக்க இருக்கிறதும் அதே புரோத்தன்தான், தண்ணியிலயும் கொழுப்பிலயும் இருக்கிற ஐதரசனின்ர கரு. 1.5 தெஸ்லா காந்தத்துக்க ஆளை விட்டால் புரோத்தன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் தரம் தலையாட்டும். அதே வேகத்தில ரேடியோ அலை அனுப்பினால் அதுகள் வாங்கித் திருப்பி அனுப்பும். அதில இருந்துதான் படம். பகிடி என்னெண்டால் காந்தத்தின் பக்கம் கூடுதலாச் சாயுறது 10 லட்சத்துக்கு 5 அளவுதான், மிச்சம் ஒண்டையொண்டு வெட்டிப்போடும். உடம்பில தண்ணி கனக்க இருக்கிறதால அந்த 5 உம் காணும்.

முந்தி எம்.ஆர்.ஐயின்ர பேரில 'நியூக்ளியர்' எண்டும் ஒரு சொல் இருந்தது. சனம் பயப்படும் எண்டு எடுத்துப்போட்டாங்க. உங்கட மகளுக்கு வந்த சந்தேகம்தான்.

வயல்காரன் (சம்மாந்துறை):

நம்மட வயலிலயும் இரிக்கி. புளிச்ச மண்ணுல தண்ணி கட்டி வெச்சா சில கிழமையில புளிப்புக் கொறையும். காத்துப் போகாத சேத்துக்குள்ள கிருமி மண்ணுல உள்ள இரும்ப மாத்தும், அந்த வேலைக்கிப் புரோத்தன் செலவாகும். வயலக் காய விட்டா பழையபடி புளிக்கும்.

கண்டிப்பானவன்:

வாத்தியார் ஐயா, ஒரு பிழை. 6,400 ஐதரசனில் ஒன்றுக்குக் கருவில் ஒரு நியூத்திரனும் இருக்கும். அதன் இலத்திரனைப் பறித்தால் மிஞ்சுவது புரோத்தன் அல்ல. போதாததற்குப் புரோத்தனே மூன்று குவார்க்குகளால் ஆனது.

பழைய வாத்தியார் (கல்லடி):

சரிதான் தம்பி. தரம் 11 பிள்ளைக்கு 6,399 சரியாக இருந்தால் இப்போதைக்குப் போதும். குவார்க்கை உயர்தரத்துக்கு வைத்திருப்போம்.

மருந்துக்கடைக்காரன் (களுவாஞ்சிகுடிப் பக்கம்):

எல்லாருக்கும் பெரிய நன்றி. ராத்திரி மகளை இருத்தி வச்சு முழுக்க வாசிச்சன். தயிர்க் கதையில அவள் எழும்பிப் போய்ச் சட்டியைச் சரிச்சுப் பார்த்தாள். அது நேத்து வச்ச தயிர், கொஞ்சம் தண்ணி விட்டிருந்தது, மேசையெல்லாம் ஊத்திற்று. அம்மாட்டப் பேச்சு வாங்கினது நான்.

வந்தாறுமூலைப் பிள்ளைக்கு ஒண்டு சொல்லோணும். 19 வருசமா "சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன்னுக்கு" எண்டு உறையில எழுதிக் குடுக்கிறன், ஏனெண்டு தெரியாது. சாப்பிடேக்கதான் பம்பிகள் ஓடத் தொடங்கும், அந்த நேரம் மருந்து வந்து நிக்கோணும், அதுதானே? இண்டைக்குக் காலையில வழமையா வாற ஒரு ஐயா, கெப்சூலை உடைச்சு மணியைச் சப்பித்தான் விழுங்கிறதாம் எண்டு சொன்னார். கவுண்டருக்கு வெளியில வந்து, கதிரை போட்டு இருத்தி, மேற்பூச்சுக் கதையைச் சொன்னன். அவருக்குப் பின்னால ஆறு பேர் வரிசையில நிண்டவங்க.