பூஞ்சைவேரா, வேர்ப்பூஞ்சையா?

வணக்கம். செடியின் வேரும் பூஞ்சையும் ஒன்றுக்கொன்று உதவி வாழும் இணைப்பான மைக்கோரைசாவுக்கு (mycorrhiza) ‘வேர்ப்பூஞ்சை’ என்ற கலைச்சொல்லை முன்வைத்திருக்கிறீர்கள். நாவில் எளிதாக வருகிறது. ஆனால் அது பூஞ்சையை மட்டுமே சுட்டும். 1885இல் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் பெயரிட்டபோது கிரேக்கத்தில் பூஞ்சையை முன்னும் வேரைப் பின்னும் வைத்தார். பூஞ்சையும் வேரும் சேர்ந்து ஓருறுப்பாகிவிட்டது என்பதே அவர் சொல்லவந்தது. தமிழில் இரு சொல் சேரும் தொகைச்சொல்லிலும் பின்சொல்தான் தலைமை. எனவே அந்த இணைப்புக்குப் ‘பூஞ்சைவேர்’, அதில் பங்குகொள்ளும் உயிரிக்கு ‘வேர்ப்பூஞ்சை’ என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

ஒற்றைச் சொல்லால் ஆபத்தும் உண்டு. வேர்ப்பூஞ்சை என்றதும் வேரழுகல்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நோயென்று எண்ணிப் பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றினால் உதவ வந்ததும் கெடும்.

வரையறையில் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கட்டாயம் சேர்க்க வேண்டும். அது மண்ணில் எளிதில் நகராது. வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பது தீர்ந்ததும் வேர் தவிக்கும். பூஞ்சையிழை அந்த வறண்ட வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போகும். வேர்த்தூவியைவிட மெலிந்தது என்பதால், தூவி நுழையாத மண்துளையிலும் நுழையும். பதிலுக்குச் செடி, ஒளிச்சேர்க்கையில் ஆக்கிய கரிமத்தில் ஏறத்தாழ 4 முதல் 20 விழுக்காடு வரை தருகிறது. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் செடிக்கு இந்தத் துணை தேவைப்படாது, இணைப்பு குறையும். கடுகு, முட்டைக்கோசுக் குடும்பத்தில் இது பெரும்பாலும் அமைவதே இல்லை.

மறுமொழி:

பூஞ்சைவேரை ஏற்கிறேன். பைனில் வேர்நுனியை உறைபோலப் போர்த்துவதைப் ‘புறப்பூஞ்சைவேர்’ என்று நீட்டவும் முடிகிறது.

வேர்ச்செல்லுக்குள் பூஞ்சை உண்டாக்கும் கிளைத்த உறுப்பான ‘ஆர்பஸ்கியூல்’ (arbuscule) என்பதற்குச் சொல் காண்பதுதான் சிக்கல். வேரை 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கிக் கழுவி, நீர்த்த அமிலத்தில் நனைத்து, டிரிப்பான் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். வேரின் வெளித்தோலுக்கு உட்புறமுள்ள புறணிச் செல்லுக்குள் நீலத்தில் ஒரு குட்டி மரம் தெரியும்: அடியில் ஒற்றைத் தண்டு, மேலே கவை கவையாகப் பிரிந்து செல்லையே நிரப்பியிருக்கும். சத்தும் கரிமமும் கைமாறுவது அங்கேதான். செல்சவ்வை அது துளைப்பதில்லை, சவ்வே அதைப் போர்த்திக்கொள்கிறது. ‘உறிஞ்சுறுப்பு’ ஒட்டுண்ணிகளுக்குப் புழங்கும் சொல் என்பதால் இங்கே வேண்டாம். ‘நுண்கவை’ என்கிறேன், அந்த வகை முழுவதற்கும் ‘நுண்கவைப் பூஞ்சைவேர்’.

இந்த வகைக்கு வழங்கிய ‘வேம்’ (VAM, vesicular-arbuscular mycorrhiza) என்ற பழைய சுருக்கத்தில் V குறிக்கும் குமிழைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். சில பேரினங்கள் வேருக்குள் குமிழ் உண்டாக்குவதில்லை. அதனால்தான் அந்த முதலெழுத்தையே பின்னர் விட்டுவிட்டார்கள்.