மறு: ‘ரிவைவல்’ – ‘மறு அரங்கேற்றம்’ போதுமா?

> ‘ரிவைவல்’ என்பதற்கு ‘மறு அரங்கேற்றம்’ என்று இட்டிருக்கிறேன். மறுப்பு இல்லையென்றால் அடுத்த சொல்லுக்குப் போகலாம்.

எனக்கு மறுப்பு உண்டு ஐயா. நம் நாடகக் கலைச்சொல் பட்டியலில் ‘ரிவைவல்’ என்பது பழைய நாடகத்தை மறுபடி மேடைக்குக் கொண்டுவருவது. அரங்கேற்றம் என்றாலே முதன்முறை. அதை எப்படி மறுபடி செய்வது? ஈழத்து நாடகக்காரர்கள் புழங்கும் ‘மேடையேற்றம்’ கைவசம் இருக்கிறதே. ‘மீள்மேடையேற்றம்’ எனலாம்.

ஆனால் ஒரு சொல் போதாது. பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில், வந்த ‘ஷஃபிள் அலாங்’ இசைநாடகத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். யூபி பிளேக் இசை, நோபிள் சிஸ்ஸில் பாடல், மில்லரும் லைல்ஸும் கதைவசனம். எழுதியவர்களும் நடித்தவர்களும் கறுப்பினத்தவர். 1921 மே 23 அன்று நியூயார்க் 63ஆம் தெரு அரங்கில் தொடங்கி 504 காட்சிகள் ஓடியது. கறுப்பினக் காதலர்கள் கேலியில்லாமல் உருகிப் பாடினால் வெள்ளையர் கூட்டம் பொறுக்குமா என்று நடுங்கி, முதல் இரவில் மற்ற மூவரும் வெளிவாசல் பக்கம் நின்றார்களாம். பியானோவில் மாட்டிக்கொண்டவர் பிளேக் மட்டும். கூட்டம் மறுபடி பாடச் சொல்லிக் கேட்டது. அதே நாடகத்தில்தான் மில்லரும் லைல்ஸும் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் அக்கால மேடை வழக்கப்படி முகத்தில் கரி பூசிக்கொண்டு கோமாளித்தனம் செய்தார்கள். பாட்டு நிலைத்தது, ‘ஐ’ம் ஜஸ்ட் வைல்ட் அபவுட் ஹாரி’ 1948இல் அமெரிக்க அதிபர் ட்ரூமனின் தேர்தல் பாட்டே ஆனது. கதைவசனத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவர இன்று யாருக்குத் துணிவு வரும்?

1952இல் கதையை மாற்றிப் போட்டார்கள். 4 காட்சிகளோடு மூடினார்கள். 2016இல் ஜார்ஜ் சி. உல்ஃப் பழைய பாடல்களை வைத்துக்கொண்டு, அந்நாடகம் உருவான கதையையும் அதன் பின்கதையையும் நாடகமாக்கினார். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதில் ‘ரிவைவல்’ பிரிவில் சேருங்கள் என்று தயாரிப்பாளர் தரப்பு கேட்டது. விருதுக் குழு ‘புது நாடகம்’ என்றது. அந்தப் பிரிவில் போட்டிக்குப் பெருவெற்றி பெற்ற ‘ஹாமில்டன்’! 10 பரிந்துரை, ஒரு விருதும் இல்லை.

கதைவசனத்தைத் திருத்தி எழுதி மேடையேற்றுவதற்கு பிராட்வேக்காரர்கள் ‘ரிவைசல்’ என்று தனியாகவே சொல்கிறார்கள். நமக்கும் தனிச்சொல் வேண்டும். என் பரிந்துரை: மறுவார்ப்பு.

---

‘மீள்மேடையேற்றம்’ எனக்கும் சம்மதம். ‘மறுவார்ப்பு’தான் இடிக்கிறது, சினிமாக்காரர்கள் அதை ‘ரீமேக்’குக்கு எடுத்துக்கொள்வார்கள். ‘புதுக்கிய மேடையேற்றம்’ என்றால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்குமே?

இன்னொன்று. 2016 நாடகம் உங்கள் ‘மறுவார்ப்பு’க்குள்ளும் அடங்காது. 1921 நாடகத்தின் ஜிம்டவுன் மேயர் தேர்தல் கதை அதில் எங்கே இருக்கிறது? விருதுக் குழு சொன்னதுதான் சரி என்பேன்.

---

அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய கதைவசனத்தின் எலும்பாவது மேடையில் இருக்கவேண்டும் என்று விளக்கத்திலேயே எழுதிவிடலாம். எடுத்துக்காட்டுக்கு ‘நோ, நோ, நானெட்’ பொருந்தும்: 1925 நாடகம், பர்ட் ஷெவலவ் கதைவசனத்தைச் செப்பனிட, 1971இல் வந்து 861 காட்சிகள் ஓடியது, பிராட்வேயில் முதல்முறை ஓடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

‘புதுக்கிய மேடையேற்றம்’ பொருளில் சரி, நீளம்தான் உறுத்துகிறது. ‘புதுக்கிய நானெட்’ என்று பேச்சில் சுருங்குமானால் எடுத்துக்கொள்ளலாம். ‘மறுவார்ப்பு’ ரீமேக்குக்கே போகட்டும்.