வீட்டுக் குழு: கிண்டிப் பதாகையில் யாரை வைப்பது?

நான்: எல்லோருக்கும் வணக்கம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் எங்கள் துறையில் சிறந்த முன்னாள் மாணவர்களைப் பாராட்டும் விழா வருகிறது. விருது யாருக்கு என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். முதலாமாண்டு மாணவர்கள் நாங்கள் அரங்கத்துக்கு வெளியே கல்லூரியின் பழைய மாணவர்களைப் பற்றிப் பதாகைகள் வைக்க வேண்டும். குழுவுக்கு ஒருவர். எங்கள் குழுவில் யாரை எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை. நாளைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். சொல்லுங்கள்.

அம்மா: அப்துல் கலாம்.

அண்ணன்: அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி), சித்தி. கிண்டி இல்லை.

பெரியப்பா: 1978இல் இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டன. கிண்டி, எம்.ஐ.டி., ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி எல்லாம் சேர்ந்துதான் அண்ணா பல்கலைக்கழகம். அதனால் கலாமை வைப்பதில் தப்பில்லை. ஆனால் அவரை வேறு யாராவது எடுத்திருப்பார்களே?

நான்: பட்டியல் போட்ட அன்றைக்கே எடுத்துவிட்டார்கள் பெரியப்பா.

சித்தப்பா: அப்படியென்றால் பால் கூட்டுறவுகளை வளர்த்த குரியனை எழுது பாப்பா. வர்கீஸ் குரியன் லயோலாவில் இயற்பியல் படித்துவிட்டு 1943இல் கிண்டியில் மெக்கானிக்கல் முடித்தவர். இது நிறையப் பேருக்குத் தெரியாது. குஜராத்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1949இல் குஜராத்தில் இருக்கிற ஆனந்த் ஊருக்குப் போனார், அங்கேயே இருந்துவிட்டார். ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம், மாநிலத்துக்கு ஓர் இணையம் என்கிற அந்த ஆனந்த் முறையில்தான் நம் ஆவினும் நடக்கிறது. வேலைக்காலம் முழுக்க அதில் இருந்தவன் சொல்கிறேன். காலையில் இரண்டு லிட்டர் பால் ஊற்றிவிட்டுப் போகிற அம்மாவுக்கும் கணக்கில் பணம் ஏறுகிறதே, அதற்கு முதல் ஆள் அவர்.

அண்ணன்: குரியன் பெரிய ஆள்தான் சித்தப்பா, மறுக்கவில்லை. ஆனால் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ராஜ் ரெட்டியைச் சொல்ல வேண்டும். காளஹஸ்திப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1958இல் கிண்டியில் சிவில் முடித்தார். கம்ப்யூட்டர் இல்லை, சிவில்! அப்புறம் ஆஸ்திரேலியா, ஸ்டான்ஃபோர்ட். மனிதர் பேசுவதை இயந்திரத்துக்குப் புரியவைக்கிற வேலையில் ஆரம்பத்திலேயே இறங்கியவர். 1994இல் ட்யூரிங் விருது. கணினித் துறையில் அதற்கு மேல் விருது கிடையாது. ஆசியாவில் பிறந்தவர்களில் அதை முதலில் வாங்கியவர் அவர்தான்.

பெரியப்பா: கிரிக்கெட்காரர் வெங்கட்ராகவனும் கிண்டி இன்ஜினியர்தான். 1975, 1979 இரண்டு உலகக் கோப்பையிலும் அவர்தான் கேப்டன். தகவலுக்குச் சொன்னேன்.

அம்மா: இத்தனை பேரா! இதையெல்லாம் சேரும்போதே சொல்லியிருந்தால் இவள் முதல் வாரம் அழுதிருக்க மாட்டாள்.

பெரியப்பா: இன்னொன்று. குரியனும் ராஜ் ரெட்டியும் வாங்கியது சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம். 1978க்கு முன்னால் கிண்டி அதன்கீழ்தான் இருந்தது. அப்புறம் யார் அவர்களைத் தங்கள் மாணவர் என்று சொல்லிக்கொள்வது? என்னைக் கேட்டால் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் உரிமை உண்டு. பட்டம் கொடுத்தது ஒன்று, பாடம் சொல்லிக்கொடுத்த இடம் இன்னொன்று. பதாகையில் இதை ஒரு வரியில் சரியாகப் போட்டுவிடு கண்ணு.

அத்தை: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். யாராவது லலிதாவைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை.

நான்: எந்த லலிதா அத்தை?

அத்தை: ஏ.லலிதா. மின் பொறியியலில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண். நீ இப்போது உட்கார்ந்து படிக்கிற அதே கல்லூரி, அதே துறை. பதினைந்து வயதில் கல்யாணம். 1937இல் கணவர் இறந்தபோது கைக்குழந்தைக்கு நான்கு மாதம். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை என்ன செய்வார்கள் என்று உன் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பாய். அவர் ராணி மேரிக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார், முதல் வகுப்பில் தேறினார். அப்பா பப்பு சுப்பா ராவ் கிண்டியிலேயே மின் பொறியியல் பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசினார், கல்வித்துறை இயக்குநரின் அனுமதியும் வாங்கினார். 1940இல் ஒரே பெண்ணாக உள்ளே போனார் லலிதா.

அத்தை: விடுதியில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. அடுத்த ஆண்டு சிவில் பிரிவில் லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா என்று இரண்டு பேர் சேர்ந்தார்கள். போர்க்காலம் என்பதால் படிப்பைச் சில மாதம் குறைத்தார்கள். மூன்று பேரும் சேர்ந்தே முடித்தார்கள். லலிதா அப்புறம் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி, சிம்லாவில் வேலை, கடைசியில் கல்கத்தாவில் ஏ.இ.ஐ. என்ற மின்கருவிக் கம்பெனி. மின்தொடர்களுக்கு, அதாவது மின்சாரத்தைத் தூரத்துக்குக் கொண்டுபோகிற கம்பித் தடங்களுக்கு, வடிவமைப்பு செய்தார். பக்ரா நங்கல் அணை மின்னாக்கி வேலையிலும் இருந்தார். 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. அதற்கும் போனார்.

சித்தப்பா: அக்கா, இவ்வளவு விவரமும் உங்கள் தலையிலேயே இருக்கிறதா?

அத்தை: இருக்காதா தம்பி? நான் வேலைக்குச் சேர்ந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) பெண்ணுக்குத் துணைமின் நிலையத்தில் என்ன வேலை என்று கேட்டு என்னைக் கோப்பு பார்க்க உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் யாரும் இதைச் செய்ததில்லை போலிருக்கிறது என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நான் படித்த வகுப்பறைக்கு எனக்கு முப்பது வருடம் முன்பே ஒருவர் வந்து போயிருக்கிறார். அதை அங்கே இருந்த நாளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே நிமிர்ந்து பதில் சொல்லியிருப்பேன்.

அண்ணன்: அத்தை, ஒரு சந்தேகம். குரியனுக்கும் ராஜ் ரெட்டிக்கும் உலகமே விருது கொடுத்திருக்கிறது. பல்கலைக்கழகம் தன் மாணவர்களின் சாதனையைக் கொண்டாடும்போது பெரிய விருதுக்காரர்களை முன்னால் வைப்பது இயல்புதானே?

அத்தை: வைக்கட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? உலகம் ஏற்கெனவே பாராட்டியவரைக் கல்லூரியும் பாராட்டுகிறது, நல்லது. ஆனால் வெளியே யாருக்கும் தெரியாத தன் பிள்ளை யார் என்று அந்தக் கல்லூரிக்குத்தான் தெரியும். பதிவேடு அதனிடம்தானே இருக்கிறது? கல்லூரியே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

அண்ணன்: சரி அத்தை. என் ஓட்டு லலிதாவுக்கு.

சித்தப்பா: என் ஓட்டும். குரியனை அடுத்த வருடம் எழுது பாப்பா, நான் எழுதிக்கொடுக்கிறேன்.

நான்: எங்கள் குழுவிலும் கேட்டேன். எல்லோருக்கும் சம்மதம். முதல் வரி இப்படி ஆரம்பிக்கட்டுமா? “பதினெட்டு வயதில் கணவரை இழந்த ஏ.லலிதா...”

அத்தை: வேண்டாம் கண்ணு. வேலையிலிருந்து ஆரம்பி. மின்தொடர், பக்ரா நங்கல், அப்புறம் மற்றது. ராஜ் ரெட்டியைப் பற்றி எழுதினால் அவர் குடும்பக் கஷ்டத்திலா ஆரம்பிப்பாய்?

அம்மா: அண்ணி, நான் ஒன்று சொல்லட்டுமா? முதல் வரியில் வேண்டாம், சரி. ஆனால் குழந்தையைச் சின்ன எழுத்தில் கீழே தள்ளிவிடவும் கூடாது. குழந்தையை வைத்துக்கொண்டு படித்தார், அதற்கு வீட்டில் எத்தனை பேர் கைகொடுத்திருப்பார்கள்! அதுவும் அவர் சாதனையின் பாதிதான். நான் பி.எட். முடித்தபோது இவளுக்கு ஒன்றரை வயது. எனக்குத் தெரியும்.

அத்தை: நீ சொல்வது நியாயம். முதல் பத்தியில் வேலை, இரண்டாவது பத்தியில் வீடு. இரண்டுக்கும் ஒரே நீளம்.

நான்: சரி. லீலம்மா ஜார்ஜ், திரேசியா பெயர்களையும் சேர்க்கிறேன்.

அத்தை: கண்டிப்பாக. திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அதையும் போடு. மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும்.

பெரியப்பா: சென்னைப் பல்கலைக்கழக வரியை மறந்துவிடாதே. எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இங்கே போடு, பிழை பார்த்துத் தருகிறேன். வெளியாட்களை உள்ளே விடுவார்களா?

நான்: குடும்பத்தினர் வரலாம் பெரியப்பா, வாசலில் ஆதார் கேட்பார்கள். அத்தை, நீங்கள் முன்னாள் மாணவர், உங்களுக்கு அழைப்பிதழே உண்டு. துறை அலுவலகத்தில் உங்கள் பெயரும் படித்த ஆண்டும் கொடுக்க வேண்டுமாம்.

அத்தை: கொடு. பட்டச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.