மூணு ஜா சக்குல ஜாப்பைத் திருப்பிப் பிடிச்சா 0.12 அவுட் – எங்க தப்பு?

காசிமேடு பட்டறை:
6 அடி பெல்ட் லேத் (கடைசல் மெஷின்), 200 மி.மீ. மூணு ஜா சக் (மூணு தாடையால ஜாப்பைக் கவ்வற பிடி). ஜாப் (கடையற துண்டு), கடல்தண்ணி பம்ப் ஷாஃப்ட்: எஸ்.எஸ். 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 40 மி.மீ. ராடு, நீளம் 320. முதல் பக்கம் ஃபேசிங் (முகம் கடையறது), சென்டர் துளை, 35 மி.மீ. பேரிங் சீட் எல்லாம் ஒரே பிடியில் முடிஞ்சுது, ஃபினிஷுக்கு 0.5 விட்டிருக்கேன். திருப்பிப் பிடிச்சா சக் பக்கத்துல டயல் கேஜ்ல அவுட் (சுத்தறப்ப வர்ற ஆட்டம்) 0.12 மி.மீ., 150 மி.மீ. தள்ளி 0.21. நைலான் சுத்தியால தட்டினா குறையுது, இறுக்கினா பழையபடி வந்துடுது. 0.02-க்குள்ள வேணும் அண்ணே.

வியாசர்பாடி:
தம்பி, இது ரெண்டு தனித்தனி கோளாறு. சக் கிட்ட வர்ற 0.12, ஜாப்போட மையம் 0.06 நகர்ந்ததால. டயல் எப்பவும் ரெட்டிப்பாத்தான் காட்டும். தள்ளிப் போகப்போக ஏறுதே, அது ஜாப் சாய்ஞ்சு உக்காந்திருக்கறதால.

சக்கைத் திட்டறதுக்கு முன்னாடி கழட்டிட்டு ஸ்பிண்டில் மூக்குல (சக் மாட்டற சுழல் தண்டோட முனை) டயல் வை. 0.01-க்கு மேல போகக் கூடாது. சக்கைத் திரும்ப மாட்டி, அதுக்கடியில மரக்கட்டை கொடுத்து நெம்பு. முள் 0.02 தாண்டினா பேரிங் லூசு.

அப்புறம் உசரப் புள்ளியை மார்க்கரால ஜாப்புலயும் சக்குலயும் குறி. ஜாப்பை மட்டும் 120 டிகிரி திருப்பிப் பிடி. உசரம் அதே ஜா கிட்ட நின்னா சக் தப்பு. ஜாப்போட சேர்ந்து சுத்தினா ராடு வளைஞ்சிருக்கு.

காசிமேடு பட்டறை:
ஸ்பிண்டில் 0.01, நெம்பினாலும் 0.01 தான். எத்தனை வாட்டி திருப்பினாலும் உசரம் 2-ம் நம்பர் ஜா கிட்டயே நிக்குது.

வியாசர்பாடி:
அப்ப சக்தான். பேக் பிளேட் (சக்கை ஸ்பிண்டில்ல மாட்டற தட்டு) உக்கார்ற முகத்தைத் துடைச்சுட்டு விரல் நகத்தால தடவிப் பாரு. ஒரு பிசிறு சுருள் மாட்டினாலே சக் சாயும். ஸ்க்ரோலை (மூணு ஜாவையும் ஒண்ணா நகர்த்தற சுருள் தட்டு) கழட்டிக் கழுவு, நம்ம பக்கம் உப்புக் காத்துல உள்ள துரு கட்டியிருக்கும். ஜாவை 1, 2, 3 வரிசையிலதான் ஏத்தணும். சாவி போடற மூணு ஓட்டையில எதுல அவுட் கம்மியா வருதுன்னு பார்த்து அதுக்குப் பொட்டு வச்சுக்கோ, எப்பவும் அதுலயே இறுக்கு.

கடைசியா, ஜாவோட முன்வாய்லயும் பின்கோடியிலயும் மெல்லிசு பேப்பரை வச்சு இறுக்கிட்டு இழு.

காசிமேடு பட்டறை:
கழுவினதுல 0.12 இப்ப 0.07. ஆனா பேப்பர் முன்னாடி சுலபமா உருவிக்கிட்டு வருது, பின்னாடி மட்டும் பிடிக்குது.

வியாசர்பாடி:
ஜா வாய் விரிஞ்சுபோச்சு. சாய்வுக்குக் காரணமே அதுதான். டூல் போஸ்ட் கிரைண்டர் (டூல் மாட்டற இடத்துல வைக்கற சின்ன கிரைண்டர்) வச்சு ஜாவை மெஷின்லயே அரைக்கணும். ஜாவைச் சுத்தி வெளியில ரிங் போட்டு விரிச்சு இறுக்கிட்டு அரைக்காதே, லோடு தலைகீழா விழும், அரைச்சதெல்லாம் வீண். பின்கோடியில 5 மி.மீ. வட்டத் தகட்டைக் கவ்வ விட்டு, முன்னாடி தெரியற பாகத்தை 0.01, 0.01-ஆ எடு. தகடு மறைச்ச பட்டை மேடா நிக்கும், அதைக் கை கிரைண்டரால தாழ்த்திடு. பெட் மேல ஈரத்துணி போடு. ஏர் அடிக்காதே, பொடி ஸ்லைடுக்குள்ள போயிடும்.

தண்டையார்பேட்டை:
அரைக்கறது அப்புறம். இந்த ஜாப்புக்கு அது எதுக்கு? ரெண்டு சென்டருக்கு (ஜாப்போட முனைத் துளையில உக்கார்ற கூர்முனை) நடுவுல ஃபினிஷ் பண்ணுங்க. மூணு ஜாவுல ஒரு துண்டு ராடைப் பிடிச்சு, காம்பவுண்டை (டூலைச் சாய்வா நகர்த்தற மேல் ஸ்லைடு) 30 டிகிரி திருப்பி 60 டிகிரி முனை கடைஞ்சா, கழட்டாத வரைக்கும் அதுக்கு அவுட்டே கிடையாது. சக் எவ்வளவு தேய்ஞ்சதா இருந்தாலும் சரி. கழட்டினா மறுபடி ஒரு கட் கொடுக்கணும். கேரியர் (ஜாப்பைக் கவ்விச் சுத்த வைக்கற கிளாம்ப்) வாலை ஜா முட்டித் தள்ளும். ரெண்டாவது முனை சென்டர் துளை கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் 0.5-ல சரியாயிடும்.

டெயில்ஸ்டாக்கைப் (ஜாப்போட மறுமுனையைத் தாங்கற பாகம்) பார்த்துக்குங்க. ரெண்டு கோடியிலும் லேசா கட் எடுத்து மைக்ரோமீட்டர்ல பாருங்க, 0.04 வித்தியாசம்னா 0.02 நகர்த்தணும். 316 சூட்டுல நீளும். 320 நீளத்துக்கு 40 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 0.2 மி.மீ. அதனால வேலைக்கு இடையில ஒரு வாட்டி டெயில்ஸ்டாக் சென்டரைத் தளர்த்தித் திரும்ப வைங்க, இல்லேன்னா நடுவுல வில்லா வளையும்.

காசிமேடு பட்டறை:
ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு ஒப்பேத்த முடியாதா?

தண்டையார்பேட்டை:
0.07 டயலுக்கு 0.035 தள்ளல், அதை ஒண்ணரையால பெருக்கினா 0.05 ஷிம், உசரம் காட்டற 2-ம் ஜா அடியில. கிட்ட சரியாகும், சாய்வு அப்படியே இருக்கும். உங்களுக்கு அது உதவாது.

காசிமேடு பட்டறை:
சென்டர்ல போட்டேன். ரெண்டு சீட்டும் 0.01. ஆனா கேரியர் ஸ்க்ரூ ஃபினிஷ் மேல குழி போட்டுடுச்சு.

தண்டையார்பேட்டை:
அடியில 1 மி.மீ. செம்புத் தகடு சுத்துங்க.