பொங்கல் லீவுக்கு கோதையாறு, பரளியாறு பக்கம் நடைப்பயணம்: எந்த வழி, என்ன அனுமதி, ஆறு கடக்கலாமா?

வடசேரி வாசி:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். பொங்கல் லீவில் ரெண்டு நாள், நம்ம குமரி மாவட்டத்தில் ஏழு பேர் நடக்கிறதா இருக்கோம். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன், அறுபது தாண்டின மாமா ஒருத்தர் உண்டு. எல்லாருக்கும் தினசரி நடைப்பழக்கம் இருக்கு, மலை ஏறின பழக்கம் இல்லை. குளிச்சிட்டுத் திரும்புற பயணம் வேண்டாம். ஆறு பாறைக்கு நடுவே இறங்கி ஓடுற இடங்களைப் பார்த்துக்கிட்டே நடக்கணும். காளிகேசத்திலிருந்து ஆத்தோட மேலே போக முடியுமா? பேச்சிப்பாறை அணைக்கு மேலே கோதையாறு பக்கம்? அனுமதி யார்கிட்ட வாங்கணும்? ஆறு கடக்கக் கயிறு வேணுமா, காலுக்கு என்ன போடலாம், அட்டை கடிக்காம இருக்க என்ன செய்யலாம்?

மலைச்சாரல்:
முதல்ல அனுமதி. நீங்க சொன்ன ரெண்டு இடமும் காட்டுக்குள்ளே வருது. குமரி வனக்கோட்டத்தில் பெரும்பகுதியை 2008ல் வன உயிரின சரணாலயமா அறிவிச்சாச்சு, பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். காளிகேசத்தில் சோதனைச்சாவடியில் கட்டணம் கட்டிட்டு கோயில் வரைக்கும், ஆத்தோரம் அவங்க காட்டுற இடம் வரைக்கும் போகலாம். அந்தச் சீட்டு மேலே காட்டுக்குள் நடக்கிறதுக்கான அனுமதி ஆகாது. ‘அஞ்சு நிமிஷம்தான், அந்த வளைவு வரைக்கும்’னு ஏறினாலும் அத்துமீறல்தான்.

2018 மார்ச் 11ல் தேனி குரங்கணியில் மலையேறினவங்க காட்டுத்தீயில் மாட்டி இறந்த பிறகு, மலையேற்றத்துக்குன்னே தனி விதி அந்த வருஷமே வந்தது. முறையா போகணும்னா ரெண்டு வழி. ஒண்ணு, நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்கிறது. இன்னொண்ணு, 2024 அக்டோபரில் அரசு தொடங்கின ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்றது. மாநிலம் முழுக்க 40 பாதை, குமரிப் பாதைகளும் அதில் உண்டு. வழிகாட்டி கூடவே வருவார். பொங்கல் லீவுன்னா இடம் சீக்கிரம் தீரும், முன்னாடியே பதிவு பண்ணுங்க. பையனுக்கும் மாமாவுக்கும் வயசு வரம்பு பொருந்துதான்னு அந்தந்தப் பாதையின் பக்கத்தில் பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. கோடையில் தீப்பிடிக்கிற காலத்தில் பாதைகளை அடைச்சிடுவாங்க, அதனால தள்ளிப்போடாதீங்க.

குலசேகரத்துக்காரன்:
அனுமதி கிடைக்கலேன்னா பயணத்தைக் கைவிட வேண்டாம் மக்கா. காட்டுக்குள் போகாமலே ஆத்துப் பள்ளத்தாக்கை நல்லா நடந்து பார்க்க நம்ம மாவட்டத்தில் வழி இருக்கு. சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம்னு சிவன் கோயில் ஒவ்வொண்ணுக்கா ஓடிப்போய்க் கும்பிடுறவங்க போற பாதையில் பாதி, ஆத்தை ஒட்டித்தானே கிடக்கு.

முதல் நாள் திற்பரப்பில் தொடங்குங்க. அருவியை மட்டும் பார்த்துட்டு வண்டி ஏறிடாதீங்க. அருவிக்கு மேலே தடுப்பணை வரைக்கும் ஆத்துப்படுகை முழுக்க ஒரே பாறை, ஏறக்குறைய கால் கிலோமீட்டர். தண்ணி குறைஞ்ச நாளில் அந்தப் பாறையை ஆறு எப்படி அரிச்சிருக்குன்னு கரையிலிருந்தே தெளிவாத் தெரியும். மகாதேவர் கோயிலைப் பார்த்துட்டு குலசேகரம் வழியா திருநந்திக்கரைக்கு ஏழெட்டு கிலோமீட்டர் நடை, பெரும்பாலும் ரப்பர் தோட்டத்து நிழல். அங்கே பாறையைக் குடைஞ்சு செஞ்ச பழைய குகைக்கோயில் இருக்கு, உள்ளே ஓவியத்தின் மங்கின சுவடும் தெரியும். தெம்பு இருந்தா பொன்மனை வரைக்கும் தொடரலாம், இல்லேன்னா குலசேகரத்துக்கு வந்து பஸ் பிடிக்கலாம்.

ரெண்டாம் நாள் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில், பிறகு கோதையாறும் பரளியாறும் சேருற மூவாற்றுமுகம், அங்கிருந்து ஆத்துக்கு மேலே கால்வாய்த் தண்ணியைக் கொண்டுபோற மாத்தூர் தொட்டிப்பாலம். பாலத்தின் மேலே மட்டும் நடந்துட்டுத் திரும்புறவங்கதான் அதிகம். படியில் கீழே பரளியாறு வரைக்கும் இறங்குங்க. 115 அடி உயரத்தில் தண்ணி போகுதுங்கிறது கீழே நின்னு அண்ணாந்து பார்த்தால்தான் உறைக்கும். மேலே காற்று பலமா இருக்கும், பையனைக் கைப்பிடிச் சுவரில் ஏற விடாதீங்க. கால்வாயில் தண்ணி விடுறது வழக்கமா பிப்ரவரி கடைசி வரைக்கும் உண்டு, அதனால தை மாசம் தொட்டியில் தண்ணி ஓடும். கால்வாய்க் கரையில் நடந்தா விளிம்பை விட்டுத் தள்ளியே நடங்க. சிமெண்ட் பூசின சரிவில் விழுந்தா நீச்சல் தெரிஞ்சவனுக்கும் பிடிச்சு ஏறப் பிடி கிடைக்காது.

ஒரு விஷயம் கவனிக்கணும். தை மாசம் ரப்பர் இலை கொட்டும். சரிவில் காய்ஞ்ச சருகு வழுக்கும், அதுக்கடியில் பாம்பும் கிடக்கும். கம்பால் தட்டிக்கிட்டே போங்க. மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுக்கிற தோட்டத்தில் கேட்டுட்டு நுழையுங்க, பால் வடியுற சிரட்டையில் கை வைக்காதீங்க.

கயம்:
மேலே சொன்ன வழிகள் நல்ல வழிகள். ஆத்தைப் பற்றி நான் சொல்றேன், ஏன்னா இங்கே உயிர் போறது பெரும்பாலும் மலையில் இல்லை, தண்ணியில்.

உங்க தலைக்கு மேலே வெயில் அடிச்சாலும் மலை உச்சியில் மழை பெய்யலாம். குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, கோடையிலும் மதியத்துக்கு மேல் இடியோட கொட்டும். சரிவு செங்குத்து, ஓடுற தூரம் குறைவு, அதனால மேலே பெய்ஞ்ச தண்ணி சீக்கிரம் கீழே வந்துரும். அறிகுறி இதுதான்: தெளிஞ்ச தண்ணி கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், மண்வாசனை அடிக்கும், சத்தம் மாறும். ஒண்ணு தெரிஞ்சாலும் அடுத்ததுக்குக் காத்திருக்காம கரையில் உயரமான இடத்துக்கு ஏறிடணும். செருப்பு, பை எடுக்கத் திரும்பாதீங்க.

ரெண்டாவது விஷயம், அணை. முழு நீர்மட்டம் பேச்சிப்பாறை அணைக்கு 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. இந்த அளவை நெருங்கினா மதகு திறப்பாங்க. பேச்சிப்பாறைத் தண்ணி கோதையாறு வழியா திற்பரப்புக்கு வரும், பெருஞ்சாணித் தண்ணி பரளியாறு வழியா மாத்தூர்ப் பக்கம் வரும். மழை நின்னு ரெண்டு நாள் ஆனாலும் உபரித்தண்ணி வந்துகிட்டே இருக்கலாம். நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருது, கிளம்புற அன்னைக்குக் காலையில் பார்த்துருங்க. அணைக்கு மேலேயும் மின்நிலையம் விடுற தண்ணியால் ஆத்து மட்டம் மாறும்.

மூன்றாவது விஷயம் கயம், அதாவது ஆத்துக்குள்ளே இருக்கிற ஆழக்குழி. பாறைப்படுகையில் ஒரு அடி முழங்கால் ஆழம், அடுத்த அடி ஆளை விழுங்குற குழி. அருவி விழுற இடத்துக்கு அடியில் பாறை உள்ளே குடைஞ்சிருக்கும். தெரியாத இடத்தில் தலைகீழாக் குதிக்கவே கூடாது.

வடசேரி வாசி:
ரொம்ப நன்றி. காட்டுப் பாதைக்குப் பதிவு கிடைக்கலேன்னா குலசேகரம் அண்ணாச்சி சொன்ன வழியேதான். வழியில் சின்ன ஓடை வந்தா மாமாவுக்கு இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிப் போகலாமா?

கயம்:
கூடாது. இடுப்பில் கட்டின ஆள் விழுந்தா ஓட்டம் அவரை அடியில் அமுக்கிரும், கயிறு பாறையில் சிக்கினா அவிழ்க்க முடியாது. ஒரு குச்சியைத் தண்ணியில் போட்டு அதோட கரையில் நடந்து பாருங்க. உங்க நடையை அது முந்தினா அங்கே இறங்காதீங்க. முழங்காலுக்கு மேலே தண்ணி இருந்தாலும் இறங்காதீங்க. ஆறு ஒடுங்கின இடம் சுலபம்னு தோணும், ஆனா ஆழமும் வேகமும் அங்கேதான் அதிகம். அகன்று, கூழாங்கல் தெரியுற இடமா பாருங்க. அருவிக்கு மேலே எந்த இடத்திலும் கடக்க வேண்டாம்.

இறங்கினா முகம் ஓட்டம் வர்ற திசைக்கு, கையில் கம்பு முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு காலா நகர்த்தணும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிருங்க, விழுந்தா உதறிடலாம். மாமாவை நடுவில் விட்டு மூணு பேர் தோளைப் பிடிச்சு வட்டமா நின்னு நகர்ந்தா ஒருத்தர் வழுக்கினாலும் மத்த ரெண்டு பேர் தாங்குவாங்க.

மலைச்சாரல்:
காலுக்கு: கட்டி ரப்பர் அடிப்பாகம் உள்ள பெரிய மலையேற்ற பூட்ஸ் ஈரப்பாறையில் வழுக்கும், நனைஞ்சா நாள் முழுக்க கனக்கும். மிருதுவான ரப்பர் அடி, பின்னால் பட்டை உள்ள சாண்டல் அல்லது கேன்வாஸ் ஷூ போதும். ரப்பர் செருப்பு வேண்டாம். வெறுங்காலும் வேண்டாம். பாசி அதிகமான இடத்தில் ஷூவின் நடுப்பாதத்தில் சகிரிக் கயிறை (தேங்காய் நார்க் கயிறு) ரெண்டு சுத்து இறுக்கிக் கட்டினா நல்ல பிடி கிடைக்கும். ஈரமான கருத்த பாறையில் கால் வைக்காதீங்க, வெளுத்துக் காய்ஞ்ச பாறையா தேடி மிதிங்க.

அட்டைக்கு: சாக்ஸை புகையிலைத் தண்ணியில் நனைச்சுக் காய வைங்க, கம்பு நுனியில் உப்புக் கிழி கட்டிக்கோங்க. ஏறிட்டா தீ வைக்கவோ பிடுங்கவோ வேண்டாம், மெலிஞ்ச முனையில் நகத்தைக் கொடுத்து நகர்த்தினா விட்டுரும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, பயப்பட ஒண்ணுமில்லை. சோப்பு போட்டுக் கழுவுங்க. வீட்டுக்கு வந்ததும் உடம்பெல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க. ரெண்டு, மூணு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தா காட்டோரம், ஆத்துத்தண்ணியில் நடந்ததை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும்.

குலசேகரத்துக்காரன்:
நேரக்கணக்கு விட்டுப்போச்சு. ரோட்டில் மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர் நடக்கலாம், பாறையில் ஒண்ணு, ஒன்றரைதான். தையில் சூரியன் ஆறே கால் வாக்கில் மறைஞ்சாலும் பள்ளத்துக்குள் நாலரைக்கே இருட்டத் தொடங்கும். காட்டோரத்தில் யானை நடமாட்டமும் அப்பத்தான். காலை ஏழு மணிக்குத் தொடங்குங்க, ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புற வழியைப் பாருங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, மாமாவின் மாத்திரை தனிப் பையில். மலையோரம் சிக்னல் கிடைக்காது, அதனால எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்டில் எழுதி வச்சுட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு மேலே ஒரு மணி நேரம் ஆனா வீட்டில் இருக்கிறவங்க அவசர உதவி எண் 112க்கு அழைக்கணும்னும் அதில் எழுதுங்க.